சுண்ணாம்புப் பொட்டு

என் மகளுக்கு இணையதளம் கட்டுகிற கம்பெனியில் வேலை. கட்டுகிற வேலை மற்றவர்களுக்கு. அவளுக்கு வாய்த்தது, முன்னால் இருந்தவர்கள் கட்டிவிட்டுப் போனதைக் கூட்டிப் பெருக்குகிற வேலை. யாரோ பெரிய துணிக்கடைக்காரருடைய இணையதளமாம். பல வருஷமாகப் பல பேர் கைவைத்தது. உள்ளே கூடை கூடையாக ஃபைல்கள். ‘புதுசு’ என்று ஒன்று, ‘ரொம்பப் புதுசு’ என்று ஒன்று, ‘இதுதான் கடைசி’ என்று ஒன்று, அதற்கும் பிறகு எழுதின இன்னொன்று. எது ஓடுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. அழிக்கவும் பயம், வைத்துக்கொள்ளவும் எரிச்சல்.

“இப்ப நீ என்ன பண்ணப் போற?” என்று கேட்டேன்.

“மொதல்ல முகப்புப் பக்கத்துலேர்ந்து எது எதைக் கூப்பிடுதுன்னு நூல் பிடிச்சுப் போய்ப் பாப்பேன்ப்பா. அது பாதிதான் சொல்லும். அதனால ஒவ்வொரு ஃபைல்லயும் ஒரு வரி எழுதி வச்சிடுவேன். யாராவது அந்த ஃபைலைத் தொட்டா அந்த வரி எனக்குக் காட்டிக் குடுத்துடும். கொஞ்ச நாள் விட்டுப் பாத்துட்டு, யாரும் தொடாததை எல்லாம் தூக்கிடலாம்.”

“சுண்ணாம்பு வைக்கிறேன்னு சொல்லு” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? நான் சொன்னது என் அண்ணியை நினைத்துக்கொண்டு. அண்ணி ஞாபகம் வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும். அப்புறம்தான் முகம் ஞாபகத்துக்கு வரும். இத்தனை வருஷத்தில் எனக்கு வயசாகி விட்டதே தவிர, அந்த வெட்கத்துக்கு வயசாகவில்லை.

அண்ணி எங்கள் குப்பத்துக்கு வாழ வந்தது எழுபதுகளின் நடுவில். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பழவேற்காட்டு ஏரி, நடுவில் நாங்கள். அண்ணிக்குப் பிறந்த வீடு தெற்கே, காட்டுப்பள்ளிப் பக்கம். அங்கே கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்து, அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவர்கள் வீடு இரண்டு தடவை தண்ணீருக்குள் போயிருக்கிறது. இரண்டு தடவையும் கையில் எடுத்தது மட்டும் மிஞ்சியது. அதனால் அவளுக்குச் சாமான் என்றாலே ஒரு சந்தேகம். எந்தப் பொருளைப் பார்த்தாலும் கேட்பாள்: “இத்த யாரு தொடறாங்க?”

எங்கள் வீடு நேர் எதிர். ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, அதில் நைனா, அம்மா, அண்ணன், நான். எனக்கு அப்போது இருபது வயசு. நைனாவோடும் அண்ணனோடும் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டாய். அதில் எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா காலத்துச் சாமான் முதல் கிடந்தது. நைலான் வலை வந்து பருத்தி வலை ஒழிந்த பிறகும் பருத்தி வலை ஒழியவில்லை. உடைந்த துடுப்பு, கிழிந்த பாய், கண்ணாடி இல்லாத லாந்தர், லாந்தர் இல்லாத கண்ணாடி. நைனா ஒன்றையும் எறிய விடமாட்டார். ஏன் என்று கேட்டால், “கெடக்கட்டும்” என்பார். அதுதான் அவருடைய முழுப் பதில்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கூடத்தின் ஒரு மூலையில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். மறு மூலையில் நான் இருமினால் அங்கே பேச்சு நிற்கும். அந்தக் கொட்டாய் காலியானால் ஒரு ரூம் கிடைக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பை ஒரு சிப்பியில் எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள்.

ஒவ்வொரு சாமானிலும், கைபடுகிற இடமாகப் பார்த்து ஒரு சுண்ணாம்புப் பொட்டு. மூடி என்றால் மூடிக்கும் பாத்திரத்துக்கும் சேர்த்து ஒரு இழுப்பு. வலை என்றால் மடிப்பில் ஒரு வெள்ளை நூல். யாராவது எடுத்தால் பொட்டு அழியும், நூல் அறும். பொட்டு அழியாமலே இருந்தால் அந்தச் சாமானுக்கு வீட்டில் வேலை இல்லை. முதலில் சமையல்கட்டில் பழகிப் பார்த்தாள். அம்மாவின் சீர் வரிசைப் பித்தளைத் தவலையில் வைத்த பொட்டு வைத்தபடியே இருந்தது.

“அத்தே, இத்த நீங்க தொடவே இல்லியே” என்றாள், ஏதோ அம்மாவுக்கு நல்ல சேதி சொல்வது போல.

“நான் சாவறப்ப தொடுவேன், போடி” என்றாள் அம்மா. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் யாருக்கும் குழம்பு விழவில்லை.

கருவாட்டுச் சட்டியில் வேறு மாதிரி ஆனது. நைனாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. கருவாட்டை நிறுத்தச் சொல்லிப் பொன்னேரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நைனாவும் தான் கருவாட்டை மறந்தே போய்விட்டதாகக் குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சட்டி மூடியில் வைத்த பொட்டு தினமும் அழிந்தது. அம்மா என்னை முறைத்தாள். அண்ணி மத்தியானம் நைனாவுக்குச் சோறு போட்டுவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: “மாமா, மீசைல சுண்ணாம்பு.” நைனா துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். அதற்குப் பிறகு கொட்டாயில் அவள் எதைப் புரட்டினாலும் அவர் தடுக்கவில்லை. காட்டிக் கொடுக்காத மருமகள் என்று அவருக்கு அவள்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. நான் இதைச் சொல்லியாக வேண்டும். பிரியம் இருந்தது.

குப்பத்தில் அவளுக்குச் சுண்ணாம்புக்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் கரையில் இறங்கினால், “இன்னாடா, ஒனுக்குப் பொட்டு வச்சாச்சா?” என்று கேட்பார்கள். எனக்கு மானம் போகும். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எரிந்து விழுவேன். அவள் சிரித்துக்கொண்டே, “ஒங்களுக்கு எதுக்குத் தம்பி பொட்டு? காலைலேர்ந்து அண்ணி அண்ணின்னு கூப்ட்டுகினேதான கீறீங்க” என்பாள்.

பொட்டு பொய் சொல்லவும் செய்யும் என்று அவள் தெரிந்துகொண்டது பாய்மரக் கம்பத்தால். கொட்டாய்க்கு வெளியே, குளிக்கிற ஓலைத் தட்டியின் ஓரமாக ஒரு பழைய கம்பம் நட்டாற்போல் நின்றது. பாய் கட்டி எத்தனையோ காலம் ஆயிற்று. பொட்டு மழையில் கூடக் கொஞ்சம்தான் கரைந்திருந்தது. ஒருநாள் அண்ணி அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். உள்ளே நைனா குளித்துக்கொண்டிருந்தார். தட்டி அந்தக் கம்பத்தில்தான் சாய்ந்திருந்தது என்பது, தட்டி நைனாவின் மேல் விழுந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். முழுசாகத் திருப்பவில்லை என்று அம்மா பிற்பாடு குறைப்பட்டாள்.

“சும்மா நின்னுகினு இருக்கறதும் ஒரு வேலைதான் போல கீது” என்று அண்ணி அன்றைக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து அவள் இன்னொரு முறையும் சேர்த்துக்கொண்டாள். பொட்டு அழியாத சாமானை உடனே எறியமாட்டாள். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துத் தன் கயிற்றுக் கட்டிலின் கீழே ஒளித்து வைப்பாள். யாராவது காணோம் என்று கத்துகிறார்களா என்று பார்ப்பாள். கத்தினால் அது திரும்பிவிடும். நாங்கள் அந்தக் கட்டிலடியை ஜெயில் என்போம். எதைக் காணவில்லை என்றாலும் அண்ணன் கூடத்தில் நின்று பொதுவாக ஒரு சத்தம் போடுவான். கொஞ்ச நேரத்தில் அது இருந்த இடத்தில் இருக்கும்.

அவசரக்காரி இல்லை அண்ணி. அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லப் பார்த்தேன். இறால் வலைக்கு ஒரு காலம், மடவை வலைக்கு ஒரு காலம், நண்டுக்கு ஒரு காலம் என்று ஏரிக்குக் கணக்கு உண்டு என்பது அவளுக்குத் தெரியும். காலம் எல்லாம் ஒரு சுற்று வந்து, அடுத்த போகியும் வரும்வரை எதையும் வெளியே எறிய மாட்டாள். இப்படியே இரண்டு மூன்று வருஷத்தில் கொட்டாய் காலியானது. அண்ணன் தரையில் மண் போட்டு மெழுகினான். மூலைச் சேலை கூடத்திலிருந்து இறங்கியது.

கடைசியாகக் கொட்டாய்ச் சுவரில் ஒரு பலகை மட்டும் மாட்டியிருந்தது. கனமான மரம், ஒரு ஆள் கைவிரித்த அகலம், ஓரத்தில் கயிறு கோர்க்க இரண்டு ஓட்டை. அதன் மேல் வைத்த பொட்டு எத்தனை போகி தாண்டியும் அப்படியே இருந்தது. கட்டிலடிக்கும் போய்விட்டு வந்தது. யாரும் கத்தவில்லை. அண்ணி ஒவ்வொருவராகக் கேட்டாள். அண்ணன், “நைனாவக் கேளு” என்றான். அம்மா, “ஆம்பளைங்க சாமானு எனுக்கு இன்னா தெரியும்” என்றாள். எனக்கு அது எதற்கென்றே தெரியாது.

நைனா அப்போது கரையில் உட்கார்ந்து வலைக்குக் கண் கோர்த்துக்கொண்டிருந்தார். மறு முனையைக் காலில் மாட்டிப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன். அண்ணி வந்து கேட்டாள்.

“மாமா, செவுத்துல ஒரு பலகை கீதே, அது வோணுமா?”

நைனா தலையைத் தூக்கவில்லை. ஊசி வாயில் இருந்தது. “எடுத்துக்கோ, எடுத்துக்கோ” என்றார்.

அண்ணி அதைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய், ஆசாரியிடம் கொடுத்து அறுத்து, ஒரு ஸ்டூல் செய்து வாங்கி வந்தாள். ரூம் என்று ஒன்று வந்துவிட்டது அல்லவா, வருகிறவர்கள் உட்கார ஒன்று வேண்டாமா என்றாள். நல்ல ஸ்டூல். முதலில் உட்கார்ந்தது நான்தான்.

அடுத்த கோடையில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. ஏரி கடலோடு சேருகிற வாயில் மணல் ஏறிவிட்டால் ஏரித் தண்ணீர் கெட்டுப்போகும், கடலிலிருந்து குஞ்சு ஏறாது, இறால் நின்றுபோகும். அப்போது குப்பம் மொத்தமும் போய் வாயை வெட்டித் திறக்க வேண்டும். அடைத்தே பல வருஷம் ஆகியிருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது வெட்டினார்களாம். எனக்கு நினைவில்லை. ஊர்க் கட்டளை வந்தது: விடிந்ததும் முகத்துவாரத்துக்கு வர வேண்டும், வீட்டுக்கு ஒரு மண் பலகை.

மண் பலகை என்ற சொல் காதில் விழுந்ததும் நைனா எழுந்து கொட்டாய்க்குப் போனார். சுவரைப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலைப் பார்த்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி நல்ல இடங்கள் சில உண்டு. அங்கே யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பேர். பாடு உள்ள வீடு சாப்பிடும், பாடு இல்லாத வீடு அடுத்தவன் படகில் கூலிக்குப் போகும். பாடு வேண்டுமென்றால் வாய் வெட்ட வர வேண்டும். ஒரு காலத்தில் சில வீட்டுக்காரர்கள் வெறுங்கையோடு வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்களாம். அதிலிருந்து ஒரு கட்டு வைத்தார்கள். இரண்டு பேர் கயிற்றை இழுக்க ஒருவர் அமுக்க, மணலை வாரித் தள்ளுகிற பலகை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வர வேண்டும். இரவல் செல்லாது. பலகை வந்தால்தான் வீடு வந்ததாகக் கணக்கு.

நாங்கள் மூன்று ஆண்களும் வெறுங்கையோடு போய் நின்றோம். ஊர்த் தலைவர் நைனாவின் வயசுக்காரர், கூடப் படகேறினவர். “பலகை எங்க?” என்று கேட்டார்.

நைனா மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “மருமவ அறுத்துட்டா.”

அவ்வளவுதான் சொன்னார். தான் எடுத்துக்கொள்ளச் சொன்னதைச் சொல்லவில்லை.

“அறுத்து இன்னா பண்ணிச்சி?”

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஸ்டூலு” என்றான்.

கரை முழுக்கச் சிரிப்பு. அதில் யாரோ ஒருவன், “அப்ப ஸ்டூல எடுத்தாரச் சொல்லு, அதுல தள்ளட்டும்” என்றான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் கஞ்சி கொண்டு வந்திருந்த பையன்கள் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மணல் மேட்டின்மேல் அண்ணி வருவது தெரிந்தது. தலையில் ஸ்டூல். கால்கள் மேலே பார்க்க, மீன் கூடையைச் சுமக்கிற மாதிரி ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். வாய் வெட்டுகிற இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை. அவளை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஸ்டூல் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். யாரோ பெரியவர்கள் உட்காரக் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்திருந்தாள். ஈரம் இன்னும் காயவில்லை.

ஸ்டூலைத் தலைவர் முன்னால் வைத்தாள். சிரிப்பு கூடியது. எங்கள் முகங்களைப் பார்த்தாள். எங்கள் கைகளில் பலகை இல்லாததையும் மற்றவர்கள் கையில் இருக்கிற பலகைகளையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஓரத்தில் இரண்டு ஓட்டை. அவளுக்கு விளங்கிவிட்டது.

எனக்குத் தாங்கவில்லை. “நைனாதான்...” என்று ஆரம்பித்தேன்.

“தம்பி, சும்மா இருங்க” என்றாள் அண்ணி. சத்தமாக இல்லை. அப்புறம் தலைவரிடம், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்: “நான் வூட்ல கீறவங்களத்தான் கேட்டேன். வூட்ல யாரும் தொடல. வெளியில இருந்து கூப்புடுவாங்கன்னு எனுக்குத் தெரியல. அது என் தப்பு.”

அவள் என் வாயை அடைத்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நைனாவை ஊர் முன்னால் நான் கேட்க வேண்டியதில்லை என்கிற நிம்மதி. வெட்கம் அதற்கு அடுத்த நொடியில்தான் வந்தது. நைனாவுக்காகவும் வெட்கம், அந்த நிம்மதிக்காகவும் வெட்கம். அண்ணன் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே நின்றான். நைனா ஊசி வாயில் இருப்பது போல உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

அடுத்த சீட்டு வரைக்கும் எங்களுக்குப் பாடு இல்லை என்று முடிவானது. நாங்கள் அன்றைக்குக் கையால் மணல் வாரினோம். பொழுது சாய வாய் திறந்து தண்ணீர் ஓடியது. எல்லோரும் கூச்சல் போட்டார்கள், நாங்களும் போட்டோம். அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை.

வீட்டில் ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டினால் யார் எடுத்துக்கொள்ளச் சொன்னது என்ற பேச்சு வரும். அதனால் பேச்சே நின்றுபோனது. நைனா சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவார், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அண்ணனும் நானும் அடுத்தவர் படகில் போனோம். அண்ணி சுண்ணாம்புச் சிப்பியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் எறியப்படவில்லை. அறுந்த செருப்பு கூட ஒரு ஆணியில் தொங்கியது. யாராவது கை வைத்தால், “எதுக்காச்சும் கூப்புடுவாங்க, இருக்கட்டும்” என்பாள். நைனாவுடைய ‘கெடக்கட்டும்’ அவள் வாய்க்கு வந்துவிட்டது. வீடு பழையபடி ஆனதில் அம்மாவுக்குத் திருப்தி. எனக்குத்தான் அவள் பேச்சைக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

படகு கட்டுகிற தன் அண்ணனிடம் சொல்லி ஒரு புதுப் பலகை செய்து வரவழைத்தாள். அது கொட்டாயில் அதே ஆணியில் ஏறியது. வருஷத்துக்கு ஒருமுறை, போகியன்று, ஊர் பழையதைக் கொளுத்துகிறபோது, அவள் அதைக் கழற்றி, தூசி தட்டி, எண்ணெய் தடவி, திரும்ப மாட்டுவாள். “இன்னா அண்ணி, அதான் யாரும் தொடறதில்லியே” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். “நான் தொடறேன்ல” என்றாள்.

எண்பதுகளில் வாய் இன்னொரு தடவை அடைத்தது. பலகை போனது, வேலை செய்தது, வந்தது. பாடு எங்கள் கையை விட்டுப் போகவில்லை. நைனா கைகால் கழுவிவிட்டு வந்து பொதுவாகச் சொன்னார்: “பலகை கனம் ஜாஸ்தி.” அந்த விஷயத்தில் அவர் அவளுக்குச் சொன்ன முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அதுதான்.

இதுவரைக்கும் மகளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சில வாரம் கழித்து வந்து உட்கார்ந்தாள். “அப்பா, ஒண்ணு மாட்டிச்சு. உள்ள எந்தப் பக்கமும் கூப்பிடாத ஃபைல். கூட இருக்கறவங்க அழிச்சிடுன்னாங்க. நான் அண்ணிப் பெரியம்மா கதையைக் கேட்டுட்டு வெளிய கேட்டுப் பாத்தேன். வருஷத்துக்கு ஒருதரம், அந்தத் துணிக்கடைக்காரங்க கணக்குப் பாக்கற ஆபீஸ்லேர்ந்து அதைக் கூப்பிடறாங்களாம். போயிருந்தா மொத்தக் கணக்கும் நின்னிருக்கும்.” அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். “பெரியம்மாவை நான் பாத்திருக்கேனாப்பா?” என்றாள்.

பார்த்ததில்லை. அதற்கான காரணத்தை மகளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் குப்பத்தை விட்டு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கல்யாணம், வாடகை வீடு. அண்ணன் மஞ்சள் காமாலையில் போனான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நைனாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். முன்வீட்டைப் பங்காளிகளில் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. அண்ணி, தான் காலி பண்ணின கொட்டாயிலேயே தங்கிவிட்டாள். நான் ஆரம்பத்தில் மாசம் ஒருமுறை போனேன். அப்புறம் பொங்கலுக்கு. அப்புறம் பொங்கலுக்கும் ஷிப்ட் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பினேன். பாதி சமயம் போடவில்லை.

எண்பதுகளின் கடைசியில், மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது பத்திரிகை கொடுக்கப் போனேன். பத்திரிகை இல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன். கருநீலப் பேண்ட் போட்டிருந்தேன், புதுசு. அண்ணி மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் விரிந்தது. “வாங்க தம்பி. ஒக்காருங்க” என்று ஸ்டூலைக் காட்டினாள். உட்கார்ந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து நிறையப் பேசினாள். சுற்றிலும் ஆணிகளில் சாமான்கள். டீ போட்டுக் கொடுத்தாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். எழுந்ததும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டூலின் மேல் பக்கத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று அப்போது தெரியவில்லை.

பொன்னேரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பொன்னேரியில் இறங்கிக் கடைத்தெரு முழுக்க நடந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தபோது என் மனைவி கேட்டாள்: “பின்னாடி இன்னாங்க வெள்ளையா?”

தடவிப் பார்த்தேன். விரலில் வெள்ளைத் தூள் வந்தது. மூக்கில் வைத்தால் வெற்றிலைப் பெட்டி வாசனை.

கவிழ்த்து வைத்த சிப்பியை அண்ணி மறுபடியும் எடுத்திருக்கிறாள். ஊர் முன்னால் தலையில் சுமந்து வந்த அந்த ஸ்டூலில், வருகிறவர்கள் உட்காருவதற்காகச் செய்த அந்த ஸ்டூலில், ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். அது காய்ந்து, கெட்டித்து, தூளாகிற வரைக்கும் ஒருவரும் வந்து உட்காரவில்லை. நான் அதைப் பின்புறத்தில் வாங்கிக்கொண்டு பழவேற்காட்டிலிருந்து வீடு வரைக்கும் ஊர்வலம் வந்திருக்கிறேன். என் மனைவி தண்ணீர் தொட்டுத் துடைக்க வந்தாள். நான் யாரோ அடிக்க வந்தது போல விலகிக்கொண்டேன்.

காதுகுத்துக்கு அண்ணி வரவில்லை. உடம்பு முடியவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வருகிற ஞாயிறு போய்விட வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்தேன். அந்த நினைப்பிலேயே ஏரியில் ஒரு இறால் காலம் வந்து போய்விட்டது.

கடைசியில் போனேன். இந்தத் தடவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். பொட்டு இருக்கும், அது காய்ந்திருக்கும், நான் தெரிந்தே அதன் மேல் உட்காருவேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அண்ணி அதே இடத்தில் இருந்தாள். முகம் விரிந்தது. ஸ்டூலைக் காட்டினாள்.

ஸ்டூல் கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். கையால் தடவியும் பார்த்தேன். ஓரத்தில், பலகையாக இருந்த காலத்து ஓட்டை ஒன்று பாதி வட்டமாகத் தெரிந்தது. சுண்ணாம்பு இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்தால்தான் அண்ணி பொட்டு வைப்பதை நிறுத்துவாள் என்று, அவளோடு ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியும்.

“இன்னா தம்பி பாக்கறீங்க?” என்றாள் அண்ணி. “அதுல ஒண்ணும் இல்ல. ஒக்காருங்க.”